ஆரஞ்சு மேலங்கி

நெதர்கோம்ப் ஸ்டேஷனில் ஆளே கிடையாது. ஒரு நடைமேடை, ஒரு பெஞ்சு, ஒரு தகரக் கொட்டகை. ரயில் வேண்டுமென்றால் விளிம்பருகே நின்று கையை நீட்ட வேண்டும். நீட்டாவிட்டால் அது பாட்டுக்குப் போய்விடும்.

அங்கே பதினொரு வருஷமாகப் பூத்தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றி வந்தவள் மியூரியல் டாப்ஸ்காட். பள்ளிக்கூடச் சமையல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் ஆகாதவள். ரயில்வே கொடுத்த ஆரஞ்சு மேலங்கியை மாட்டிக்கொண்டு, கடந்து போகிற ரயிலுக்கெல்லாம் கையைத் தூக்குவாள். டிரைவர் ஹாரன் அடிப்பார். நாள் முழுக்க அவளுக்குப் பதில் சொல்வது அந்த ஹாரன் ஒன்றுதான்.

சில புது டிரைவர்கள் அந்தக் கையை நம்பி நிறுத்தினார்கள். கதவு திறக்கும், யாரும் ஏற மாட்டார்கள். அப்படி ஒருநாள் நின்றதில் டெஸ்மண்ட் லஸ்கோம்புக்கு டவுனில் மாற வேண்டிய ரயில் தப்பிப்போனது. ஊர்க் கமிட்டித் தலைவராயிற்றே, சும்மா இருப்பாரா? ரயில்வேக்குப் புகார் எழுதினார். வந்த பதிலைக் கூட்டத்தில் எழுந்து நின்று வாசித்தார்.

"ஆரஞ்சு அங்கி போட்ட அந்தப் பெண்மணி கை காட்டினால் நிறுத்த வேண்டாமென்று டிரைவர்களுக்குச் சொல்லியாயிற்று." தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். "கேட்டுச்சா ஸ்டேஷன் மாஸ்டரம்மா? இனிமே ஆசைதீர ஆட்டுங்க!"

கூடமே அதிரும்படி சிரித்தார்கள். மியூரியலும் சிரித்தாள். சிரிக்காமல் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை காலை டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அங்கே படுத்திருந்தது அவளுடைய தம்பி கிளைவ், அவளுக்கென்று உலகத்தில் மிச்சமிருந்த ஒரே ஆள்.

"இன்னைக்கே வந்துருங்கம்மா. அக்கா எங்கன்னு கேட்டுக்கிட்டே இருக்காரு," என்றாள் நர்ஸ்.

வெளியே எதிர்வீடு தெரியாத அளவுக்கு மூடுபனி. பனியில் டிரைவர் தன்னைப் பார்க்காமல் போய்விடுவாரோ என்ற பயத்தில், நல்ல கோட்டுக்கு மேலே அந்த ஆரஞ்சு அங்கியை மாட்டிக்கொண்டு ஓடினாள். கமிட்டிக் கூட்டம் நினைவிலேயே இல்லை.

பத்து நாற்பது ரயில் வந்தது. கையை நீட்டினாள். டிரைவர் அவளை நன்றாகவே பார்த்தார். குஷியாக இரண்டு ஹாரன் அடித்துவிட்டுப் போனார். "நில்லுப்பா! நில்லு!" என்று நடைமேடை முடியும்வரை கூடவே ஓடினாள்.

ஊரில் பஸ் இல்லை. டெஸ்மண்டின் வீட்டு வாசலில் கார் நின்றிருந்தது. கதவைத் தட்டி விஷயத்தைச் சொன்னாள். உள்ளே அடுப்பில் ஆட்டிறைச்சி வெந்துகொண்டிருந்தது.

"கார்லயா? மதியம் விருந்தாளிங்க வர்றாங்களே மியூரியல். பன்னிரண்டே முக்காலுக்கு அடுத்த ரயில் இருக்கு. இந்தச் சட்டையக் கழட்டிட்டு நில்லுங்க, நிக்கும்." கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு நின்றாள். ரயில் உடனே நின்றது.

ஆஸ்பத்திரியில் கட்டிலுக்குப் புதுவிரிப்புப் போட்டிருந்தார்கள். "இருபது நிமிஷம்தான் ஆச்சும்மா," என்றாள் நர்ஸ். "கதவு திறக்கிறப்பல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்தாரு."

மாலை ரயிலில் திரும்பினாள். நெதர்கோம்பில் இறங்குகிறவர்கள் கார்டிடம் முன்னாலேயே சொல்லிவைக்க வேண்டும். சொன்னாள்.

"நெதர்கோம்பா?" கார்டுக்கு வாயெல்லாம் பல். "அங்க ஒரு லூசு அம்மா உண்டு, தெரியுமா? ஆரஞ்சு சட்டை போட்டுக்கிட்டு ரயிலுக்கெல்லாம் டாட்டா காட்டும். இன்னைக்குக் காலைல கத்திக்கிட்டே ரயில் கூட ஓடுச்சாம். டிரைவர் சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

ரயில் வேகம் குறைந்ததும் மியூரியல் எழுந்தாள். பையிலிருந்து அங்கியை எடுத்து, ஒவ்வொரு கையாக நுழைத்து, கழுத்துவரை ஜிப்பை இழுத்துவிட்டாள். கார்டின் சிரிப்பு அப்படியே நின்றுபோனது.

"என் தம்பி இன்னைக்குச் செத்துப்போனான்," என்றாள். "கதவத் திறங்க."