மச்சான் ஓட்டிய டாங்கி

சலவைக் கடைக்காரரைத் தெருவில் எல்லோரும் ‘மடிப்பு’ என்றுதான் கூப்பிடுவார்கள். மற்றவர்கள் சட்டைக்கு மட்டும் இஸ்திரி போடுவார்கள், அவர் கைக்குட்டைக்கும் காலுறைக்கும்கூடப் போடுவார். இருபத்தைந்து வருடமாக அந்தக் கடையில் ஆவிக்கும் வேர்வைக்கும் நடுவில் நின்றவர், கடைசி இரண்டு வருடம் கால் வீங்கி, முகம் ஊதி, பத்து நிமிடம் நின்றால் மூச்சு வாங்கும் நிலைக்கு வந்துவிட்டார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் மருத்துவமனை, மிச்ச நாள் படுக்கை என்று வாழ்க்கை சுருங்கிப்போனது.

வேறொருவர் சிறுநீரகம் கொடுத்தால்தான் உண்டு என்றார் மருத்துவர். மனைவிக்குச் சர்க்கரை, ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். மகள் நான் தருகிறேன் என்று வந்து நின்றபோது மடிப்பு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார்.

அந்த வாரம் பார்த்துவிட்டுப் போக மச்சான் வந்திருந்தார். மனைவியின் அண்ணன். ராணுவத்தில் டாங்கி ஓட்டியவர், ஓய்வுபெற்று இப்போது பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல அளந்து பேசுகிற மனிதர். வந்தால் செய்தித்தாள் படிப்பார், சாப்பிடுவார், கிளம்புவார். இத்தனை வருட உறவில் இருவரும் சேர்ந்தாற்போல ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அதிகம். அன்றைக்கும் பேசாமல்தான் சாப்பிட்டார். கை கழுவிவிட்டுத் துண்டில் துடைத்துக்கொண்டே தங்கையிடம் கேட்டார்.

“என்னோடத டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமா?”

“உங்களோடதா? எதுண்ணே?”

“கிட்னிதான். எனக்கு ரெண்டு இருக்கே.”

அவ்வளவுதான் பேச்சு. அடுத்த மாதமே பரிசோதனைகள் முடிந்து, பொருந்துகிறது என்று தெரிந்து, இருவரையும் அடுத்தடுத்த அறைகளில் படுக்க வைத்தார்கள். மடிப்பு கண் விழித்தபோது உடம்பில் என்னவோ லேசாகிவிட்டது போலிருந்தது. நாலைந்து நாளில் முகம் பார்க்கக் கண்ணாடி கேட்டார். வருடக்கணக்காகக் காணாமல் போயிருந்த தன் தாடை எலும்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

நன்றி சொல்ல வேண்டும். அங்கேதான் சிக்கல். வீட்டுக்குள் யார் யாருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்? அது மேடையில் சொல்கிற வார்த்தை, அழைப்பிதழின் கடைசியில் அச்சடிக்கிற வார்த்தை. இருந்தாலும் மனதுக்குள் நாலு வரி தயார் செய்து வைத்திருந்தார். மச்சான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து வந்து கட்டிலருகே உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

“மச்சான், நீங்க பண்ணின இந்த...”

“தையல் போட்டிருக்கு மாப்ளே, ரொம்பப் பேசாதீங்க. காலை நீட்டிப் படுங்க.”

வாய்வரை வந்தது அப்படியே உள்ளே போயிற்று. அதற்குப் பிறகு இரண்டு முறை முயன்றார். ஒரு முறை மச்சான் மின்விசிறியைப் பற்றிப் பேச்சை மாற்றினார். ஒரு முறை எழுந்து போயே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆறு மாதம் கடைப் பக்கமே போகக் கூடாது என்றார்கள். கூட்டம் ஆகாது, தூசி ஆகாது, கிருமி அண்டக் கூடாது. மனைவி அவருடைய அறையைக் காலையிலும் மாலையிலும் மருந்துத் தண்ணீரால் துடைத்தாள். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்து கை துறுதுறுக்கத் தெருவைப் பார்த்தார். அப்போதுதான் அந்தப் பெட்டி நினைவுக்கு வந்தது. அவர் கடைக்கு எதிரே பொம்மைக் கடை. அதன் கண்ணாடி அலமாரியில், துண்டுகளை ஒட்டிச் செய்கிற பொம்மை டாங்கி ஒன்று, மூடியில் படம் போட்டு, விற்காமல் வெகுநாளாகக் கிடந்தது. ஒருநாள் மச்சான் கடைக்கு வந்தவர் அதைப் பார்த்து, “நம்ம வண்டி” என்று மட்டும் சொல்லியிருந்தார்.

பெட்டி வீட்டுக்கு வந்தது. பொம்மைக் கடைக்காரர் இரண்டு தூரிகையும், வாசம் இல்லாத வண்ணங்களும் சேர்த்துக் கொடுத்தனுப்பினார். முகக்கவசம் போட்டுக்கொண்டு, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மடிப்பு வேலையில் இறங்கினார். சக்கரங்களை ஒட்டவே ஒரு வாரம் போயிற்று. சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை வாயில் பல் பொருந்துவது போல ஒவ்வொரு கண்ணியாகப் பொருந்த வேண்டும். ஒரு கண்ணி தரையில் விழுந்து, அதைத் தேட மனைவியும் அவரும் கட்டிலுக்கடியில் தலைகள் முட்டிக்கொண்டதும் நடந்தது. எல்லாம் ஒட்டி, மண் கலந்த பச்சை அடித்து முடித்தபோது டாங்கி பளபளவென்று நின்றது. அவருக்குத் திருப்தி. கைபேசியில் படம் எடுத்துப் பொம்மைக் கடைக்காரருக்கு அனுப்பினார்.

“அழகா இருக்குண்ணே, ஆனா இது இன்னும் ஒரு அடிகூட ஓடாத வண்டி. ஓடின வண்டி மாதிரி ஆக்கணும்” என்றார் அவர் தொலைபேசியில். “சேறு, எண்ணெய், துரு, தூசி எல்லாம் ஏத்தணும். அதுலதான் உசுரே இருக்கு.”

மடிப்பு சிரித்துவிட்டார். ஆயுள் முழுக்கக் கறையோடு மல்லுக்கட்டியவனைப் பார்த்துக் கறை போடு என்கிறார்களே என்று தனக்குள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் உட்கார்ந்ததும் கை தானாக ஓடியது. எண்ணெய் சொட்டினால் நடுவில் கறுத்து ஓரத்தில் வெளிறும், துரு தண்ணீரோடு சேர்ந்தால் கீழ்நோக்கிக் கோடாக இறங்கும், சேறு காய்ந்தால் நடுவைவிட விளிம்பு தடித்து நிற்கும். எல்லாம் அவர் பார்த்துச் சலித்தவை. பஞ்சுத் துண்டை விரலில் பிடித்து, விளிம்புகளில் வண்ணம் உரிந்தது போல ஒற்றினார். பழுப்பு வண்ணத்தைத் தண்ணீராகக் கரைத்து ஆணித்தலைகளுக்குக் கீழே வழியவிட்டார். பென்சில் கரியைத் தேய்த்ததும் சங்கிலிப் பட்டை இரும்பாகவே மாறிவிட்டது.

சந்தேகம் வந்தால் மச்சானுக்குத் தொலைபேசி போட்டார். ஆனால் விஷயத்தைச் சொல்லாமல் கேட்க வேண்டும்.

“மச்சான், உங்க வண்டியில சேறு எதுவரைக்கும் ஏறும்?”

“எந்த வண்டி? ஸ்கூல் பஸ்ஸா?”

“இல்ல, பழைய வண்டி. சும்மா டி.வி.ல பாத்தேன், அதான் கேட்டேன்.”

“சக்கரம் முழுக்க ஏறும். ஏன் மாப்ளே?”

“சும்மாதான். ஏறி இறங்கறப்ப எந்தக் காலை முதல்ல வைப்பீங்க?”

“இடது கால்” என்று பதில் வந்தது. அன்று சாயங்காலமே மச்சான் தங்கையைக் கூப்பிட்டு, மாத்திரை எதுவும் மாப்பிள்ளையின் தலைக்கு ஏறிவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்கச் சொன்னார்.

கடைசியில் தூசி. பழுப்பு நிறச் சாக்பீஸைப் பொடியாக்கி, மென்மையான தூரிகையால் தூவித் தூவி, ஒரு பாலைவனத்தையே டாங்கியின் மேல் இறக்கி வைத்தார். மறுநாள் காலை ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால், டாங்கியின் ஒரு பக்கம் முழுக்கச் சுத்தமாகத் துடைக்கப்பட்டு ஈரம் மினுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஈரத்துணியோடு மனைவி.

“இவ்வளவு தூசிய இங்க வச்சுக்கிட்டு எப்படிங்க தூங்குறீங்க? நல்லவேளை, பாத்தேன்.”

மடிப்புக்கு முகம் சிவந்துவிட்டது. மூன்று வாரத்து வேலை. என்ன செய்துவிட்டாய் என்று கேட்க வாயைத் திறந்தவர், அவள் கையைப் பார்த்தார். அறுவைச் சிகிச்சை முடிந்ததிலிருந்து தினம் இரண்டு வேளை மருந்துத் தண்ணீரில் தோய்ந்த கை. விரல் நுனிகள் வெடித்து, நகக்கண்ணில் தோல் உரிந்திருந்தது. இதே அறையில், இதே கண்ணால், மாதக்கணக்காகத் தினமும் பார்த்த கைதான். மச்சானுக்கு எப்படி நன்றி சொல்வது என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்த மனுஷனுக்கு அது கண்ணில் பட்டதே இல்லை.

“என்னங்க, ஏன் ஒரு மாதிரி பாக்குறீங்க? அது தூசி இல்லையா?”

“தூசிதான். நான் போட்ட தூசி.” அவர் நாற்காலியை நகர்த்திப் போட்டார். “உக்காரு. இது உங்கண்ணனுக்கு. இந்தப் பக்கத்த நீ போடு.”

முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு தான் செய்த காரியத்தை நினைத்து வயிறு குலுங்கச் சிரித்தாள். அவர் களிம்பு எடுத்து வந்து அவள் விரல்களில் தடவி, அது காயும்வரை காத்திருந்தார். இப்படியெல்லாம் அவர் செய்து அவள் பார்த்ததில்லை. தூரிகை எதற்கு என்று விரல் நுனியாலேயே பொடியைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். அவர் போட்டதைவிட அது இயல்பாக விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். டாங்கி சாப்பாட்டு மேசை மேல் இருந்தது. மச்சான் உட்காரவில்லை. குனிந்து, சுற்றி வந்து, மறுபடி குனிந்து பார்த்தார்.

“துரு ஜாஸ்தி” என்றார். “எங்க வண்டியில இவ்வளவு துரு இருந்திருந்தா எங்க அதிகாரி என்னை உரிச்சுத் தொங்க விட்டிருப்பாரு.”

மடிப்பின் முகம் தொங்கிப்போனது. ஆனால் மச்சானின் விரல் ஓட்டுநர் உள்ளே இறங்கும் மூடிக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டது. அங்கே கால் பதிகிற இடத்தில் பச்சை தேய்ந்து உலோகம் தெரிவது போலிருந்தது.

“இது எப்படித் தெரிஞ்சுது?”

“நீங்கதானே சொன்னீங்க, இடது காலுன்னு.”

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு, அந்த வீட்டில் யாரும் கேட்டிராத அளவுக்குப் பேசினார். மழைக்காலத்தில் ஒருமுறை சேற்றில் மாட்டிக்கொண்டு இரண்டு நாள் கிடந்ததைச் சொன்னார். உள்ளே தண்ணீர் ஏறிவிட்டது, சாப்பாடும் தீர்ந்துவிட்டது. யாரோ வேறு படைப்பிரிவுக்காரன் தன் வண்டியைக் கொண்டுவந்து, மார்பளவு சேற்றில் இறங்கிக் கம்பிக் கயிற்றைக் கட்டி இழுத்துவிட்டிருக்கிறான்.

“நாங்க மேல வந்து திரும்பிப் பாக்கறதுக்குள்ள அவன் அடுத்த வண்டிக்குப் போயிட்டான். பேர்கூடத் தெரியாது. சொல்லணும்னு நினைச்சதெல்லாம் சொல்லாமலே போச்சு.” கொஞ்ச நேரம் டாங்கியைப் பார்த்தார். “நீங்க ஆஸ்பத்திரியிலேருந்து ஏதோ சொல்ல வந்துக்கிட்டே இருந்தீங்களே மாப்ளே. நான்தான் விடல. எனக்குக் கூச்சமா இருந்துச்சு. இப்ப சொல்லுங்க, கேக்கறேன்.”

தயார் செய்து வைத்திருந்த நாலு வரியில் ஒரு வரிகூட மடிப்புக்கு நினைவில்லை.

“நல்லா இருக்கேன் மச்சான். காலையில எந்திரிச்சா பசிக்குது. உங்களாலதான்” என்றார்.

“சரி” என்றார் மச்சான். அவர் கண் கலங்கியிருந்தது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த தங்கை, எட்டிப் பார்க்காதது போல உள்ளே போனாள்.

சாப்பிட்ட பிறகு இருவரும் ஈரப்பஞ்சை வைத்துக்கொண்டு துருவைக் குறைத்தார்கள். இங்கே வேண்டாம், அங்கே கொஞ்சம் இருக்கட்டும் என்று மச்சான் கைகாட்ட, மடிப்பு துடைத்தார். சாயங்காலம் அதைக் காலணிப் பெட்டியில் பஞ்சு பொதிந்து, மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் போனார் மச்சான். ஒரு மணி நேரத்தில் தொலைபேசி வந்தது.

“மாப்ளே, பஸ் குலுக்கினதுல சங்கிலிப் பட்டை ஒரு பக்கம் கழண்டு போச்சு. ஒட்டணும்.”

“நாளைக்கே வரட்டுமா?”

“அவசரம் இல்ல. ஞாயித்துக்கிழமை வாங்க. தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க. வந்தா ரெண்டு நாள் இருந்துட்டுப் போகணும், சொல்லிட்டேன்.”