எஸ்டேட் ஆபீசில் கிடந்த ஏழு கடிதங்கள்

பாடாங் செராயில் வீடு வாங்க நானும் மகனும் வங்கிக்கடன் எடுத்தபோது, முகவரி என்ற இடத்தில் நான் வேலை பார்த்த எஸ்டேட்டின், எங்கள் தோட்டத்தின், ஆபீசை எழுதினேன். முப்பத்தொரு வருடம் எனக்குக் கடிதம் வந்த இடம் அது. குடிமாறிய பிறகும் அதை மாற்றவில்லை.

தொழிற்சாலை மூடி மகனுக்கு வேலை போனது. ஒன்பது மாதத் தவணை நின்றது. கடிதம் எதுவும் வராததால், வங்கி பொறுத்துக்கொள்கிறது என்று நம்பியிருந்தேன். ஒரு நாள் கதவில் ஏல நோட்டீஸ் ஒட்டியிருந்தது.

வங்கிக்கு ஓடினேன். அங்கிருந்த பெண், "ஏழு லெட்டர் போட்டோம் அங்கிள். மூணாவதுல தவணையைப் பாதியாக் குறைக்கிறோம், பதினாலு நாள்ல பதில் சொல்லுங்கன்னு இருக்கு" என்றாள்.

"கிரெடிட் கார்டு வேணுமான்னு நாலு தடவை போன் பண்ணீங்களேம்மா. இதுக்கு ஒரு தடவை பண்ணக்கூடாதா?"

"அது வேற டிபார்ட்மெண்ட், அங்கிள்."

ஏழு கடிதங்களும் தோட்டத்து ஆபீஸ் அலமாரியில் பிரிக்காமல் கிடந்தன. "யாராச்சும் வந்து எடுப்பாங்கன்னு வச்சிருந்தேன்லா அண்ணே" என்றார் ஆபீஸ் கணக்குப் பார்க்கும் கிராணி. முகவரியை மாற்றாதது என் தவறுதான். ஆனாலும் வீட்டை எடுத்துக்கொள்ளக் கதவு வரை வந்தவர்கள், சலுகையைச் சொல்ல வரவில்லை.

வீடு போய்விட்டது. இப்போது செமிலிங்கில் வாடகைக்கு இருக்கிறோம்.

திங்கள்தோறும் பஸ் ஏறி அந்த அலமாரியைப் பார்க்கிறேன். தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களுக்கு வந்திருக்கும் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். போன வாரம் ஜித்ராவில் ஒருவர் என் முன்னாலேயே வங்கிக் கடிதத்தைப் பிரித்தார். அவருக்குக் கொடுத்த கெடுவில் மூன்று நாள் மீதம் இருந்தது.