சின்னம்மா மைக் பிடித்த நாள்

அந்த வருடம் தலவிலத் திருவிழாவில் எங்கள் கரைப் பிள்ளைகள் அத்தனை பேர் தொலைந்துபோனதற்கு ஒரு பச்சைச் சேலைதான் காரணம். சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. என் பிள்ளைகளே "அம்மா கதை விடுறா" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தச் சேலையை நினைக்கும்போதெல்லாம் நான் ஆண்டவருக்கு நன்றி சொல்லுகிற ஆள்.

புத்தளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் புடவை மூட்டை கட்டிக்கொண்டு ஒரு முஸ்லிம் வியாபாரி வருவார், நானா என்று கூப்பிடுவோம். மாம்புரியைத் தாண்டிக் கரை நெடுக, எந்த வீட்டில் எந்தப் பெண்ணுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவருக்கு மனப்பாடம். அந்த முறை மட்டும் மூட்டை நிறைய ஒரே சேலை. கிளிப்பச்சை. மலிவு என்று எல்லா அம்மாமாரும் வாங்கினார்கள். முதல் தோய்ச்சலிலேயே சாயம் இறங்கி, கூட ஊறிய அப்பாவின் பூசைச் சட்டையும் பச்சையாகிவிட்டது. நானா பாவம், கொழும்பில் அவரையே யாரோ ஏமாற்றியிருந்தார்கள். அடுத்த முறை வந்தபோது வீடு வீடாக நின்று மன்னிப்புக் கேட்டார், பிள்ளைகளுக்கு இனிப்பும் கொடுத்தார். ஆனால் சேலை சேலையாகவே கிடந்தது. உடுத்தவும் முடியாது, எறியவும் மனம் வராது.

ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும். கடல் குழம்பிக் கிடக்கும், தொழிலுக்குப் போக முடியாது. அதனால் எங்கள் ஊரே லேண்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டிகளில் ஏறித் தலவிலப் புனித அன்னம்மாளிடம் போய்விடும். கோயிலைச் சுற்றி மரங்களுக்குக் கீழே தென்னங்கிடுகாலும் படங்குத் துணியாலும் கொட்டில் போட்டு, நாலைந்து நாள் அங்கேயே சமையல், அங்கேயே படுக்கை. ஆயிரம் கொட்டில்களுக்குள் எங்களுடையது எது என்று பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? ஒரு கம்பு நட்டு அதன் உச்சியில் ஏதாவது துணி கட்டுவார்கள். அந்த வருடம் அம்மா பச்சைச் சேலையைக் கட்டினாள். "எங்க போனாலும் இந்தப் பச்சையைப் பார்த்து வந்திடு" என்று என் காதைப் பிடித்துச் சொல்லியும் வைத்தாள். நல்ல யோசனைதான். கரையில் உள்ள மற்ற அம்மாமாருக்கும் அதே யோசனை வந்திருந்தது என்பதுதான் வினை.

இந்த இடத்தில் சின்னம்மாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அம்மாவின் ஒரே தங்கச்சி. பத்தொன்பது வயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்து ஆறு வருடம் இருந்தவள். விடுமுறைக்கு வெள்ளை உடுப்போடு அவள் வந்திறங்கினால் எங்கள் ஒழுங்கைத் தெரு முழுக்கப் பெருமை. மீன் விற்கிற இடத்திலும் அம்மா எப்படியாவது அந்தக் கதையைக் கொண்டுவந்து செருகிவிடுவாள். பிறகு சின்னம்மாவுக்கு வலிப்பு வரத் தொடங்கியது. இரண்டு தரம் கோயிலிலேயே விழுந்தாள். துறவற வார்த்தைப்பாடு கொடுக்கச் சில மாதங்களே இருக்கையில், வீட்டில் இருந்து உடம்பைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்பாகத்தான் அனுப்பினார்களாம். அன்பாக அனுப்பியதுதான் அவளுக்கு இன்னும் அதிகமாக வலித்தது என்று இப்போது நினைக்கிறேன்.

வந்தவள் சும்மா இருக்காமல் ஊர்ப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கக் கேட்டுப் பார்த்தாள். விழுந்தால் பிள்ளைகள் பயந்துவிடும் என்று தாய்மார் சொன்னார்கள். அதோடு அவள் வாய் மூடிக்கொண்டது. வீட்டின் பின்பக்கம் இருந்து காலை தொடங்கிப் பொழுது படும்வரை அப்பாவின் கிழிந்த வலையைப் பொத்துவாள். கேட்டால் "ஓம்", "இல்ல", அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் தலையிடி என்று படுத்துவிடுவாள். செபமாலை நேரம் எழும்பி முற்றத்துக்குப் போய்விடுவாள். ஒருநாள் பலகை மறைப்புக்கு அந்தப் பக்கம் அவள் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"கடவுளுக்கே என்னை வேணாமாம் அக்கா. இனி ஆருக்கு வேணும்?"

அம்மா துருவிய தேங்காயை ஓடு தெரியும்வரை துருவிக்கொண்டே இருந்தாள். எனக்கு எட்டு வயது. சின்னம்மா இப்போதெல்லாம் எனக்குத் தலை பின்னிவிடுவதில்லை என்பதுதான் என் பெரிய கவலை. அம்மா சின்னம்மாவுக்காக அன்னம்மாளுக்கு நேர்த்தி வைத்தாள். சின்னம்மாவோ திருவிழாவுக்கு வரவே மாட்டேன் என்று நின்றாள். "நீ ஒன்றும் கும்பிட வேணாம். சின்னவனைத் தூக்க எனக்கு ஒரு கை வேணும், வா" என்று அம்மா இழுத்து வந்தாள். வந்தும் என்ன? கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொட்டிலுக்குள் இருந்தாள்.

திருவிழாவுக்கு முதல் நாள் காலைப் பூசை முடிந்ததும் நான் வளையல் கடை பார்க்கப் போனேன். பார்த்து முடித்துத் திரும்பினேன். தூரத்தில் பச்சை தெரிந்தது. சந்தோஷமாக ஓடினேன். கொட்டிலுக்குள் யாரோ ஒரு பெண் மீன் வெட்டிக்கொண்டு, "ஆரம்மா நீ?" என்றாள். இன்னொரு பச்சை தெரிந்தது. அங்கே ஒரு தாத்தா வாயைத் திறந்துகொண்டு நித்திரை. மூன்றாவது பச்சைக்குள் ஒரு குடும்பமே இருந்து பாண் தின்றுகொண்டிருந்தது. எனக்கும் ஒரு துண்டு தந்தார்கள். அதைத் தின்றுகொண்டே நான் பெரிய சத்தமாக அழத் தொடங்கினேன். கையில் பட்டி கட்டிய தொண்டர் ஒருவர் என்னைத் தூக்கிக்கொண்டு போய் அறிவித்தல் கொட்டிலில் விட்டார்.

அங்கே எனக்கு முன்னமே ஏழு பிள்ளைகள். அதில் நாலு பேர் பச்சைச் சேலைக் கேசுகள். மேசையில் மைக், அதன் முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட சிங்கள மாமா ஒருவர். தமிழில் அறிவிக்கிற அண்ணர் மூன்று நாளாகக் கத்தித் தொண்டை அடைத்து, கழுத்தில் துவாயைச் சுற்றிக்கொண்டு கொத்தமல்லித் தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். சிங்கள மாமா குனிந்து அன்பாகத்தான் பெயர் கேட்டார். எனக்குச் சிங்களம் தெரியும், அம்மாவோடு மீன் விற்கப் போகிறவள்தானே. ஆனால் அழுகிற வாயிலிருந்து எந்தப் பாஷையும் வரவில்லை.

அப்போதுதான் சின்னம்மா ஓடி வந்தாள். வீட்டார் ஆளுக்கொரு திசையாகத் தேடப் புறப்பட்டிருந்தார்கள். தலை குலைந்து, ஒரு காலில் மட்டும் செருப்பு. என்னை அணைத்து, முதுகில் ஒன்று போட்டு, திரும்பவும் அணைத்தாள். அம்மாவும் அப்பாவும் இன்னும் தேடிக்கொண்டிருப்பார்களே, அவர்களுக்குச் சொல்ல வேண்டும். மாமா அறிவித்துப் பார்த்தார். அவர் வாயில் அப்பாவின் பெயர் வேறு யாரோ ஒருவருடைய பெயராகிப் போனது. கடைசியில் மைக்கைச் சின்னம்மா பக்கம் திருப்பினார்.

அவள் மைக்கைக் கையில் எடுத்தாள். பிறகு, அவள் மடத்திலிருந்து வந்த எட்டு மாதமாக நான் காணாத ஒன்றைச் செய்தாள். நெற்றியில் சிலுவை போட்டாள்.

"அக்கா, பிள்ளை கிடைச்சிட்டாள். அறிவித்தல் கொட்டிலில இருக்கிறோம். வாங்க" என்றாள். என் பெயரையும் அப்பாவின் பெயரையும் மூன்று தரம் சொன்னாள். அந்தக் குரல் மரங்களுக்கு மேலே போய்க் கோயில் வளவு முழுக்கக் கேட்டது. என்ன ஒரு குரலப்பா! மடத்தில் செபம் சொல்லிக் கொடுத்த குரல், வலைக்குள் முடங்கிக் கிடந்திருக்கிறது.

நாங்கள் எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் அம்மா இங்கே வந்து எங்களைக் காணாமல் திரும்பவும் அலைவாளே என்று சின்னம்மா இருந்துவிட்டாள். "அக்கா வரட்டும், போவம்" என்றாள். அந்த நேரம் பார்த்து மன்னார்ப் பக்கத்துப் பொடியன் ஒருவன், நாலு வயதிருக்கும், அவள் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா பேர் என்னடா ராசா?"

"அப்பா."

"அம்மா அப்பாவை எப்படிக் கூப்பிடுவா?"

"இஞ்சாருங்கோ."

சின்னம்மா ஒரு கணம் யோசித்துவிட்டு மைக்கை எடுத்தாள். "மன்னாரில இருந்து வந்திருக்கிற, வீட்டில இஞ்சாருங்கோ என்று கூப்பிடப்படுகிற தகப்பனார், உங்கட மகன் எங்களிட்ட இருக்கிறார்." எல்லா வீட்டிலும் பெண்சாதிமார் புருஷனைக் கூப்பிடுகிற சொல்தானே அது, வளவு முழுக்கச் சிரித்தது. கால் மணித்தியாலத்துக்குள் ஐந்து தகப்பன்மார் வந்து நின்றார்கள். அதில் ஒருவர் சரியான ஆள்.

அதற்குப் பிறகு அவளுக்கு எழும்ப நேரம் கிடைக்கவில்லை. பிள்ளைகள் போகப் போக வேறு பிள்ளைகள் வந்தார்கள். மாமா சாப்பிடப் போனபோது சிங்களத்தையும் அவளே பார்த்துக்கொண்டாள், மடத்தில் படித்த சிங்களம். குடை தொலைத்தவர், வேன் சாரதியைத் தொலைத்தவர், பல் செட்டைத் தொலைத்த ஒரு ஐயா, எல்லாரும் அவளிடம் வந்தார்கள். பிள்ளைகள் கூட்டமாக அழுதபோது அவர்களைச் சுற்றி இருத்திச் செபமாலை சொல்ல வைத்தாள். பாதியில் அவளுக்கே குரல் உடைந்தது. செருமிக்கொண்டு தொடர்ந்தாள்.

இதெல்லாம் இப்போது அழகாகத் தெரிகிறது. அன்றைக்கு எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு பிள்ளையாக அம்மாமார் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். சின்னம்மா இடைக்கிடை "அக்கா, பிள்ளை இங்கதான் இருக்கிறாள்" என்று அறிவிக்கிறாள். என் அம்மாவை மட்டும் காணவில்லை. பத்து மணிக்கு வந்தவள் நான். மத்தியானம் தாண்டி, பணிசும் தேத்தண்ணியும் தந்து, அதுவும் தீர்ந்து போயிற்று. எனக்குத் தெரிந்த ஆகக் கவலையான வசனத்தைத் தேடிப் பிடித்துச் சொன்னேன்.

"அம்மாவுக்கே என்னை வேணாமாம் சின்னம்மா. இனி ஆருக்கு வேணும்?"

சின்னம்மா மைக்கை மேசையில் வைத்தாள். அப்படியே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கே படித்தாய் இதை என்று அடிப்பாளோ என்று பயந்தேன். அவள் என்னை மடியில் இழுத்து இருத்தினாள்.

"அப்படிச் சொல்லாதடி. பெத்தவ வேணாமெண்டு விடுவாளா? பிந்துறா, அவ்வளவுதான். வருவா."

கொஞ்சம் பொறுத்து, எனக்கில்லாமல், கோயில் பக்கம் பார்த்து, "பிந்துறார், அவ்வளவுதான்" என்றாள். கண்ணீர் என் தலையில் விழுந்தது. பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு, என்னை மடியில் வைத்துக்கொண்டே, குலைந்து கிடந்த என் தலையைப் பின்னத் தொடங்கினாள்.

அம்மா வந்தது மூன்று மணிக்கு மேலே. இடுப்பில் தம்பி நித்திரை. கையில் இரண்டு சோற்றுப் பொதி. அவசரமே இல்லாமல் வந்தாள். பிள்ளை தொலைந்தால் அலறிக்கொண்டு ஓடி வருகிற அம்மாமாரைத்தான் அன்று முழுக்கப் பார்த்திருந்தேன். சோறு கட்டிக்கொண்டு ஆறுதலாக வந்த அம்மா அவள் ஒருத்திதான். நான் அவளைப் போட்டு அடித்தேன், சோறு வேண்டாம் என்று கத்தினேன், கத்திவிட்டு முழுவதையும் தின்றேன்.

"இவ்வளவு நேரம் எங்க இருந்தாய் அக்கா? எத்தனை தரம் கூப்பிட்டன்!"

"தேடித் திரிஞ்சன். காத்தில ஒன்றும் சரியாக் கேக்கேல்ல" என்றாள் அம்மா.

சின்னம்மா குனிந்துகொண்டு, "நாளைக்கும் வரச் சொல்லுறாங்க" என்றாள்.

"அதுக்கென்ன, வா."

"இடையில விழுந்திட்டால்?"

"விழுந்தால் எழும்பு."

மறுநாள் விடியற்பூசைக்கு எங்கள் எல்லாருக்கும் முன்னமே சின்னம்மா போய்விட்டாள். அந்தத் திருவிழாவோடு நிற்கவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் மறைக்கல்வி படிப்பிக்கக் கேட்டார்கள், போனாள். அறிவித்தலில் அவள் குரலைக் கேட்ட தாய்மார்தான் முதலில் பிள்ளைகளை அனுப்பினார்கள். இருபது வருடத்துக்கு மேலாகிறது, இன்றைக்கும் ஒவ்வொரு ஆவணியும் தலவிலவில் அந்த மேசையில் அவள்தான். மருந்து குடிக்கிறாள். இடைக்கிடை விழுகிறாள். பிள்ளைகளுக்கு என்ன செய்வதென்று தெரியும். ஒருக்களித்துப் படுக்க வைத்து, எழும்பும்வரை பக்கத்தில் இருந்து செபம் சொல்லுவார்கள். என் மகளும் அந்த வகுப்பில்தான். ஆண்டவருக்கு நன்றி.

அன்றைக்கு நான் கண்டும் விளங்காத ஒன்று இருந்தது. அம்மாவின் முகம் ஒரு பக்கம் மட்டும் வெயிலில் கன்றிச் சிவந்திருந்தது. தேடித் திரிந்தவளுக்கு ஒரு பக்கம் மட்டும் எப்படிச் சிவக்கும் என்று எட்டு வயதில் யார் யோசிப்பார்கள்? எனக்கும் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அம்மா ஒருநாள் வாய் திறந்தாள். சின்னம்மா முதல் தரம் கூப்பிட்ட உடனேயே ஓடி வந்துவிட்டாளாம். கொட்டிலுக்குள் கால் வைக்கப் போன நேரம், தங்கச்சி மைக்கில் இஞ்சாருங்கோ என்று சொல்லக் கேட்டு நின்றுவிட்டாளாம். தான் உள்ளே போனால் அவள் எழும்பிக் கூட வந்துவிடுவாள், வந்து திரும்பவும் கொட்டிலுக்குள் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பாள் என்று பயந்தாளாம். அப்பாவைத் திருப்பி அனுப்பிவிட்டு, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, பக்கத்து மெழுகுதிரிக் கடையின் படங்குக்குப் பின்னால் நின்றிருக்கிறாள். தங்கச்சி விழுந்தால் ஓடிப்போய்ப் பிடிக்கிற தூரத்தில், ஐந்து மணித்தியாலம்.

"அப்ப நான் அழுதது உங்களுக்குக் கேக்கேல்லையா அம்மா?" என்று கேட்டேன்.

"கேட்டது" என்றாள் அம்மா. "நீ ஒரு நாள்தானே அழுதாய்."