மாத்திரைக்கு விட்ட லீவு

என் அக்காவைத் தெருவில் ஃபேன்காரம்மா என்றுதான் சொல்வார்கள். எரிந்துபோன மோட்டாருக்குப் புதுக் கம்பி சுற்றி ஓட வைப்பதில் கெட்டிக்காரி. வீட்டு முன்னறைதான் கடை. கால் வைக்க இடமிருக்காது. சரிசெய்த மோட்டாரைக்கூட ஓயாமல் ஓடவிட மாட்டாள். "சூடு ஆறட்டும், உக்காருங்க" என்று வந்தவர்களையும் சேர்த்து ஆற வைப்பாள்.

மார்பில் புற்றுநோய் வந்து அறுவை சிகிச்சை முடிந்தபின், உடம்பில் ஹார்மோன் உண்டாகாமல் தடுக்கத் தினமும் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அக்கா தன் தொழில் புத்தியை அதிலும் காட்டினாள். உடம்பும் மோட்டார்தானே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் மாத்திரைக்கு லீவு விட்டாள். சில மாதம் கழித்து அத்தான் கண்டுபிடித்தார். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. மறுநாளிலிருந்து மாத்திரையும் தண்ணீருமாக வந்து நிற்பார், அவள் விழுங்கும்வரை நகர மாட்டார். வருடக்கணக்கில் அப்படியே நடந்தது. இப்படி ஒரு மனிதர் எங்களுக்கு வாய்த்ததற்கு நான் கும்பிடாத நாளில்லை.

பிறகு இடுப்பு எலும்பில் நோய் திரும்பியது. அக்கா இடிந்துபோனாள்.

"நானே கெடுத்துக்கிட்டேன். இனிமே எனக்காக யாரும் அலைய வேண்டாம்."

மருந்தும் வேண்டாம், மாயமும் வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சோதனை பண்ணிட்டு வந்து எவ்வளவு வேணும்னாலும் அழு. இப்ப எழுந்து வண்டியில ஏறு" என்றேன். ஏறினாள். எலும்பில் ஊசி விட்டுத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

முடிவு வந்ததும் டாக்டரம்மா எங்கள் மூவரையும் உட்காரவைத்தார். அக்கா ஞாயிற்றுக்கிழமைக் கதையை அவரிடம் முதல்முறையாகச் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார்.

"செல்லுக்குள்ள ஹார்மோனைப் பிடிக்கிற புரதம் ஒண்ணு இருக்கும்மா. ஹார்மோன் வந்து ஒட்டினாத்தான் அது செல்லை வளரச் சொல்லும். உங்க புற்றுநோய்ச் செல்லுல அந்தப் புரதத்தோட மரபணுவே மாறிப்போச்சு. இப்ப ஹார்மோன் இல்லாமலே அது வேலை செய்யுது."

"சுவிட்ச் ஒட்டிக்கிட்ட மாதிரியா?" என்றாள் அக்கா.

"அதேதான். மாத்திரை தன் வேலையைச் சரியா செஞ்சுது. ஹார்மோன் இல்லாம பிழைக்கத் தெரிஞ்ச செல்லு மட்டும் மிஞ்சி வளந்திருக்கு. மாத்திரையை வருஷக்கணக்கா ஒழுங்கா சாப்பிட்டவங்களுக்குத்தான் இந்த மாற்றம் அதிகமா வருது. ஆரம்பத்துல விட்ட சில நாளை நினைச்சுக் குமையாதீங்க. அந்தப் புரதத்தையே அழிக்கிற ஊசி இருக்கு. நோயை அடியோட போக்கும்னு சொல்லமாட்டேன். கட்டுல வெச்சுக்கலாம்."

அந்த அம்மாள் நன்றாக இருக்கவேண்டும். பொய் சொல்லாமலே ஒரு பாரத்தை இறக்கிவைத்தார்.

அக்கா அத்தானைப் பார்த்தாள்.

"உன்னாலதான்னு நான் ஒருநாளும் நெனச்சதில்ல" என்றார் அவர்.

"நான் தினமும் நெனச்சேன்."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு டாக்டரிடம் திரும்பினாள்.

"அந்த ஊசியை இன்னைக்கே போட முடியுமாம்மா?"