பெயரை மட்டும் எடுத்தார்கள்

யமுனாவுக்கு ஒரு கெட்ட பழக்கம். எதையும் பாதியில் விடமாட்டாள். சர்வே எடுக்கப் போனால் டேப்லெட்டில் டிக் அடித்துவிட்டு வரவேண்டியதுதானே? கடைசியில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கும். அதிலும் வரிவரியாக எழுதுவாள். அடுத்து வருகிறவர்கள் வீடு தேடி அலையக்கூடாதாம். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தால் ஒரு ‘நாடு’; அவள் வாழவந்தி நாட்டுப் பெண், பி.எஸ்சி. படித்தவள். இரண்டு வருடம் முன்பு ஒரு பல்கலைக்கழகத்துக்காக நானும் அவளும் ஒரே ஸ்கூட்டியில் முந்நூறு வீடு ஏறி இறங்கினோம்.

“பேரு வெளிய போகாதுங்க்கா, சத்தியமா” என்று ஒவ்வொரு வீட்டிலும் சொல்வாள். அதை நம்பித்தான் பெண்கள் வாய் திறந்தார்கள்.

நாங்கள் எடுத்ததெல்லாம் பல்கலைக்கழகத்தின் பெரிய கம்ப்யூட்டருக்குப் போனது. பல கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் பொதுவாகப் பயன்படுத்துவது அது. வருடக்கணக்காகும் கணக்கை ஒரே நாளில் போட்டுவிடுமாம். அவரவர் தகவலை அதில் சேர்த்து வைத்தால் மற்றவர்களும் எடுத்துக்கொள்ளலாமாம். போன மாதம் அடுத்த சர்வேக்காக யமுனாவுக்கும் லாகின் கொடுத்தார்கள். சும்மா இருப்பாளா? என் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் வேலையாக வாழவந்தி நாட்டின் பெயரைத் தேடினாள்.

எங்கள் ஃபைல் திறந்து கிடந்தது. பூட்டும் இல்லை, யாரென்று கேட்கவும் இல்லை. பெயர்களை நீக்கியிருந்தார்கள். ஊர்ப் பெயரையும் குறிப்பையும் அப்படியே விட்டிருந்தார்கள்.

‘பெரிய பலா மரத்துக்குக் கீழே ஓட்டு வீடு. மூன்று கறவை மாடு. கணவர் லாரி டிரைவர்.’ அடுத்த கட்டத்தில் கேள்வி: கணவர் அடிப்பதுண்டா? பதில்: ஆம். வாரத்தில் இரண்டு நாள்.

ஐயையோ! ஏழு வீட்டு ஊரில் பலா மரத்து வீடு எதுவென்று யாருக்குத் தெரியாது? பானுமதி அக்கா வீடு. புருஷன் காதில் விழுந்தால் என்ன ஆகும்? யமுனாவின் முகம் வெளுத்துப்போனது. ஃபைலுக்குக் கீழே ஓர் எண்: டவுன்லோடு 214.

உடனே பல்கலைக்கழக ஆபீசுக்குப் போன் போட்டோம். பிரேம் என்பவர் எடுத்தார்.

“பேரைத்தான் எடுத்தாச்சே மேடம்?”

பேரை எடுத்தாராம், பேரை! போனைப் பிடுங்கி நான் கத்திய கத்தலில் மத்தியானத்துக்குள் ஃபைல் மறைந்தது. ஏற்கெனவே எடுத்துப் போனதை என்ன செய்வது என்று கேட்டேன். “அது எங்க கையில இல்ல மேடம்” என்றார்.

“விடு புள்ள, அந்தக்காவுக்குத் தெரியவா போகுது?” என்றேன்.

“சத்தியம் பண்ணினது நானுங்க்கா. நானே போய்ச் சொல்றேன்.”

நானும் கூடவே போனேன். பானுமதி அக்கா மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தார். புருஷன் லோடு ஏற்றிப் போயிருந்தார். யமுனா ஒன்றுவிடாமல் சொன்னாள்; சொல்லும்போதே அழுதாள். அக்காவின் கை மிளகின் மேலேயே நின்றுவிட்டது.

“ஆரு கண்ணு படிச்சாங்க?”

“பெரிய படிப்புப் படிக்கறவங்க, ப்ரொபசருங்க... இருநூத்திப் பதினாலு பேருங்க்கா.”

திட்டப்போகிறார் என்று காத்திருந்தோம்.

“அத்தன பேரு படிச்சும், ஒருத்தருகூடவா வந்து என்ன ஏதுன்னு கேக்கல?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அக்கா அந்தக் கணக்கில் எங்களைச் சேர்க்கவில்லை. அந்த ‘ஆம்’ என்பதை எழுதியதே யமுனாதான். பக்கத்தில் நின்றவள் நான். இரண்டு வருடமாக அந்த வீட்டைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போகிறோம்.

யமுனா கண்ணைத் துடைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

“இப்பக் கேக்கறேனுங்க்கா. சொல்லுங்க.”