பாதையில் கிடந்த பச்சைக் கொப்பு

முப்பது வருஷம் லாரி ஓட்டியவனிடம் போய், "நடந்தே போயிரலாம்ணே" என்று யாராவது சொல்வார்களா? என் சம்பந்தியம்மா சொன்னார். மலைமேல் கவுஞ்சியில் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போயிருந்தோம். கூக்கால் ஏரியைப் பார்க்க வேண்டும் என்று என் வீட்டுக்காரிக்கு ரொம்ப நாள் ஆசை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.

"அது வரும்போது வரும்ணே. காட்டு வழியா எறங்கி ஓடையத் தாண்டுனா வெரசா போயிரலாம். எனக்கும் அங்க எங்க அக்கா வீட்டுல சோலி கெடக்கு" என்றார் சம்பந்தியம்மா.

நான் பதில் யோசிப்பதற்குள் என் வீட்டுக்காரி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

எங்களுக்கு ஊர் வத்தலக்குண்டு. மலை என்றால் எனக்கு வளைவு, ஹாரன், ரெண்டாவது கியர், அவ்வளவுதான். கேரட்டும் கோஸும் ஏற்ற எத்தனையோ தடவை மேலே வந்திருக்கிறேன். ரோட்டை விட்டு இறங்கிக் காட்டுக்குள் பத்தடி வைத்ததில்லை. அன்றைக்குத்தான் வைத்தேன். பூண்டு வயல்களைத் தாண்டியதும் சோலைக்காடு. உள்ளே நுழைந்தவுடன் வெயில் நின்றுவிட்டது. மரமெல்லாம் பாசி பிடித்து, காலடியில் இலை மெத்தென்று அமுங்கியது. எங்கோ கீழே தண்ணீர் ஓடும் சத்தம். வெளியில் சொல்ல வெட்கமாக இருந்தது, ஆனால் எனக்குப் பிடித்துப்போனது.

சம்பந்தியம்மா தலையில் பூண்டுப் பையோடு முன்னால் போனார். ஐம்பத்தைந்து வயதில் அந்த நடை எனக்கு இருபத்தைந்தில்கூட இருந்ததில்லை. என் வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி, நிதானமாகத்தான் வருவாள். அவளோடு பின்னால் நடந்தேன். கொஞ்ச தூரத்திலேயே விரட்டிவிட்டாள். "முன்னால போங்க. நீங்க பின்னாடி வந்து மூச்சு வாங்குறதக் கேட்டா எனக்கு மூச்சு முட்டுது."

சரி என்று நடுவில் போனேன். முன்னே சம்பந்தியம்மாவின் பச்சைப் புடவை தெரிந்துகொண்டே இருந்ததால் வழி பற்றிய கவலை இல்லை.

பாதை ரெண்டாகப் பிரிகிற இடத்தில் ஒரு கொப்பு கிடந்தது. இலையோடு பச்சையாக ஒடித்து, ஒரு கிளைப்பாதைக்குக் குறுக்கே போட்டிருந்தது. அதைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்குமா? எங்கள் தொழிலில் வண்டி பழுதாகி நின்றால் பின்னால் ரோட்டில் கொப்பு ஒடித்துப் போடுவோம், கல் வைப்போம். பழுது பார்த்துக் கிளம்பும்போது பாதிப் பேர் அதை எடுக்க மறந்துவிடுவார்கள். பின்னால் பைக்கில் வருகிறவன் அதில் ஏறி விழுவான். அதனால் எங்கே பார்த்தாலும் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, இறங்கி, எடுத்து எறிந்துவிட்டுத்தான் போவேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. காட்டிலும் அதையே செய்தேன். புதருக்குள் தூக்கி எறிந்தேன். அடுத்த பிரிவிலும் ஒன்று கிடந்தது. அதற்கடுத்ததிலும் ஒன்று.

ஓடைக்கு வந்தேன். ரெண்டு பக்கமும் பாறை சுவர் மாதிரி எழும்பி நிற்க, நடுவே தண்ணீர் இரைச்சலோடு இறங்கியது. கல்லில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டிருந்த சம்பந்தியம்மா, "கொப்பெல்லாம் பாத்து வந்தீகளாண்ணே?" என்றார்.

"பாத்தேன், பாத்தேன். எவனோ பொறுப்பில்லாம போட்டுட்டுப் போயிருக்கான். மூணையும் எடுத்துப் போட்டுட்டேன்" என்றேன் பெருமையாக.

அவர் என்னையே பார்த்தார். "அதப் போட்டது நாந்தாண்ணே. அந்தப் பக்கம் போகக் கூடாதுன்னு பின்னால வர்றவங்களுக்குப் போடுறது. அப்ப மதினி எப்படி வருவாங்க?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. "கடைசிப் பிரிவுல அந்தப் பக்கம் போனா பாறச் சரிவுண்ணே, வழுக்கும்" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் மேலே ஏற ஆரம்பித்திருந்தேன்.

அந்தப் பிரிவில் யாரும் இல்லை. "ஏ புள்ள!" என்று கத்தினேன். சரிவுப் பக்கம் போய் நின்று மறுபடி கத்தினேன். கீழே தண்ணீர் இரைந்தது, அதைத் தவிர ஒன்றும் கேட்கவில்லை. நாலடி இறங்கியதும் கால் வழுக்கி, வேரைப் பிடித்து நின்றேன். எனக்கே இப்படியென்றால் அந்த முழங்காலை வைத்துக்கொண்டு அவள்? அவ்வளவு பயம் எந்த மலை ரோட்டிலும் எனக்கு வந்ததில்லை. ஏறி வந்து, வந்த வழியே ஓடினேன்.

ரெண்டாவது பிரிவில் ஒரு கல்மேல் உட்கார்ந்து பேரிக்காய் தின்றுகொண்டிருந்தாள்.

"எதுக்கு இப்படி ஓடி வர்றீங்க?"

"கூப்புட்டேன்ல, கேக்கல?" என்று எரிந்து விழுந்தேன். பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"கேக்கல. இங்க வந்தப்ப உங்க சட்டை தெரியல. எந்தப் பக்கம்னு தெரியல, உக்காந்துட்டேன். நீங்க வருவீங்கன்னு தெரியும்." பேரிக்காயை ஒரு கடி கடித்தாள். "முப்பது வருஷமா நீங்க எந்த ரோட்டுல இருக்கீங்கன்னு தெரியாமத்தான உக்காந்திருந்தேன். இங்க கொஞ்ச நேரம் உக்கார மாட்டேனா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். குத்திக்காட்டுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அதனாலேயே எனக்கு உறைத்தது. ரோட்டில் முகம் தெரியாத எவனெவனுக்கோ வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறேன். எங்கே இருக்கிறேன், எப்போது வருவேன் என்று வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல எத்தனை நாள் நிறுத்தியிருக்கிறேன்? கொப்பு விஷயத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மிச்சப் பேரிக்காயை என்னிடம் கொடுத்தாள்.

அவள் கையைப் பிடித்து ஓடையைத் தாண்ட வைத்தேன். அக்கரையில் ஏற்றம். ஓடி வந்ததில் என் மூச்சு போயிருந்தது. "நீங்க ரெண்டு பேரும் முன்னால போங்க" என்று உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு பெண்களும் மாமியார் மருமகள் கதைகள் பேசிக்கொண்டே மேலே மறைந்தார்கள்.

மெதுவாக ஏறினேன். உச்சியில் பாதை பிரிந்தது. ஒரு கிளைக்குக் குறுக்கே பச்சைக் கொப்பு. சம்பந்தியம்மா அழகாக முறிப்பார். இது நாரோடு பிய்ந்து கிடந்தது, பழக்கமில்லாத கை. அது போதாதென்று, காற்றில் நகராதபடி மேலே ஒரு கல். வீட்டில் கொடியில் துணி காயப்போட்டால் நாலு கிளிப் குத்துகிறவளுக்கு ஒரு கொப்பை மட்டும் நம்பிப் போக மனசு வந்திருக்காது.

கை பழக்கத்தில் நீண்டது. கையை இழுத்துக்கொண்டு, கொப்பு இல்லாத பாதையில் நடந்தேன்.

காடு முடிந்ததும் ஏரி தெரிந்தது. கரையில் இந்தப் பக்கமே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். எப்போதும் போலத்தான், காத்திருந்தது அவள், வந்து சேர்ந்தது நான். ஆனால் நான் எந்த வழியாக வருவேன் என்று இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்திருந்தது.