அதிபர் உள்ளே வந்தபோது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஸ்டுட்கார்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து நாலு டிராம் தரிப்பிடம் தள்ளியிருக்கும் சின்னத் தியேட்டரில், மத்தியானம் ஒரு சிங்களப் படம். கிராமத்துப் பள்ளிக்கூட அதிபர், அதாவது தலைமையாசிரியர், ஒருவரின் கதை. அதிபராக நடித்தவரே நேரில் வருகிறாராம். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்யும் சிங்களத் தோழி இரண்டு டிக்கெட் தந்திருந்தாள். நான் கொழும்பில் படித்தவள். அம்மாவிடம் பொய் சொல்லிவிட்டுச் சிங்களப் படங்களுக்குப் போனவள். இத்தனை வருடத்துக்குப் பிறகு பெரிய திரையில் அந்த மொழியைக் கேட்கப் போகிறேன்.

இரண்டாவது டிக்கெட் என் கணவருக்கு. அங்கேதான் சிக்கல். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவர் அறிந்த சிங்களமெல்லாம் யுத்த காலத்தில் ராணுவச் சோதனைச் சாவடியில் கேட்ட நாலு சொல்.

"எனக்கேன் உந்தப் படம்? நீர் போம்."

"படத்துக்குக் கீழ ஜெர்மனில எழுத்து ஓடும். விளங்கும்."

"எழுத்து வாசிக்கவோ நான் வாறது?"

நான் விடுவேனா? மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு அவர் பக்கத்தில் இருந்து முழுப் படமும் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். கடைசியில் இறங்கி வந்தார். "பத்து நிமிஷம் இருப்பன். பிறகு வெளியில போய்க் கோப்பி குடிப்பன்."

தியேட்டர் நிறைந்திருந்தது. பெரும்பாலும் சிங்களவர்கள், அங்கங்கே எங்கள் ஆட்கள், கொஞ்சம் ஜெர்மன்காரர். இவர் ஓரத்து இருக்கையைப் பிடித்தார். ஜாக்கெட்டையும் கழற்றவில்லை.

பின்கதவு திறந்தது. படத்தில் போட்ட அதே உடுப்பில், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் காற்சட்டை, கையில் வரவுப் பதிவேட்டோடு நடிகர் உள்ளே வந்தார். எங்கள் வரிசை எழுந்தது, முன்வரிசை எழுந்தது, பிறகு பார்த்தால் எல்லோரும் நிற்கிறோம். ஒருவரும் கைதட்டவில்லை. தலை நரைத்தவர்கள்கூடக் கையைப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, வகுப்புக்குள் அதிபர் வந்தால் எழும்புவோமே, அப்படி. தியேட்டர்க்காரப் பெண் தனியாகக் கைதட்டத் தொடங்கி, வெட்கப்பட்டு நிறுத்தினாள். ஜெர்மன்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு எழுந்தார்கள். திரும்பிப் பார்க்கிறேன், என் கணவரும் விறைப்பாக நிற்கிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நடிகர் திகைத்துப்போனார். நாங்களோ நின்றபடியே இருந்தோம். அதிபர் சொல்லாமல் எப்படி அமர்வது? அது அவருக்கும் விளங்கியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு, சிங்களத்தில், "பிள்ளைகளே, இருங்கள்," என்றார். தியேட்டரே சிரித்தபடி அமர்ந்தது. இவர் மட்டும் விளங்காமல் நின்றார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். "இருக்கட்டாம்."

"ஆரை?"

"உங்களையும்தான்."

இருந்தார். படம் தொடங்கியது. நான் திரையைப் பார்த்ததைவிட மணிக்கூட்டைப் பார்த்ததுதான் அதிகம். பத்து நிமிடம் போயிற்று. இருபதும் போயிற்று. பள்ளிக்கு வந்த ஒன்பதே பிள்ளைகளுக்காக அந்த அதிபர் மழையில் நனைந்து மணியடித்த இடத்தில் இவர் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்தார். எனக்கு எழும்பி நின்று கூவ வேண்டும் போலிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் டிராமில் கேட்டேவிட்டேன். "ஏன் கோப்பி குடிக்கப் போகேல்லை?"

வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "சிங்களத்தில என்னை பஸ்ஸால இறங்கு எண்டிருக்கினம். வரிசையில நில் எண்டிருக்கினம். இருங்கோ எண்டு இண்டைக்குத்தான் ஒராள் சொன்னவர்."

டிராமில் நான் அழுததாக இப்போதும் எல்லோரிடமும் சொல்லித் திரிகிறார். அழுதேன்தான்.